ஒரு பிடி வெள்ளை நூல்

மதியம் ஸாபெல் வந்து நின்றபோது தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதில் அதிசயம் ஏதும் இல்லை. அன்று வர்தவார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எதிரே வருகிற தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரிக்கிற திருநாள். காலை ஒன்பது மணிக்கே யெரெவான் நகரம் பாதி நனைந்திருந்தது. ஸாபெல் அழுதுகொண்டு வந்ததுதான் அதிசயம்.

வெர்னிசாஜ் சந்தையில் கம்பளக் கடைகள் முடிகிற இடத்தில் உட்கார்ந்து, பூச்சி அரித்த கம்பளங்களுக்கு ஊசியால் வைத்தியம் பார்க்கிறவள் கோஹார். அவளுக்குப் பக்கத்தில், சுடுமணல் தட்டும் செம்புக் குவளைகளுமாக மெலிக்கின் காபி வண்டி. சந்தையில் ஒரு பொருள் தொலைந்தாலும், இருவருக்குள் மனத்தாங்கல் வந்தாலும், ஜனங்கள் முதலில் கோஹாரிடம்தான் வருவார்கள். அவள் கண்டுபிடித்த விஷயங்களில் பாதி தன்னால்தான் துலங்கியது என்பது மெலிக்கின் அசைக்க முடியாத நம்பிக்கை. மீதிப் பாதியையும் அவன் முழுசாக விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, என் நாப்பது வருஷ சிநேகிதம் போச்சு" என்றாள் ஸாபெல். மூடியிருந்த கையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பிடி வெள்ளை நூல், சிக்கும் சிடுக்குமாகக் கிடந்தது.

"முதல்ல உக்காரு" என்றாள் கோஹார். "மெலிக், ஒரு காபி போடு."

மெலிக் ஏற்கெனவே குவளையை மணலில் இறக்கிவிட்டிருந்தான். அழுகிறவர்களுக்குச் சர்க்கரை ஒரு கரண்டி கூட என்பது அவன் கணக்கு.

"வர்ற சனிக்கிழமை என் மகன் ஆஷோத்துக்குக் கல்யாணம்" என்று தொடங்கினாள் ஸாபெல். "பொண்ணுக்கு உடுப்பு நாங்கதானே தட்டுல வச்சுக் கொண்டுபோகணும்? அந்த உடுப்போட கழுத்துக்கு என் சிநேகிதி, நம்ம பின்னல் கடை சிரானுஷ் ஒரு பின்னல் செஞ்சா. ஏழு மாசம், ராப்பகலா ஊசியும் கையுமா இருந்தா. இன்னிக்குப் பத்து மணிக்கு என் கையில குடுத்தா. நான் கோயிலுக்குப் போகணும். அதனால இவர்கிட்ட குடுத்து வீட்டுல சேர்க்கச் சொன்னேன். பன்னெண்டு மணிக்கு இவர் இந்த நூலோட வந்து நிக்கிறார்!"

'இவர்' என்றது அவள் புருஷன் கராபெட்டை. தடித்த மீசை, அகன்ற தோள். அவ்வளவு பெரிய உடம்பையும் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட முடியும் என்று நம்பி நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க சொல்லுங்க கராபெட். என்ன நடந்துச்சு?"

"சதுக்கத்தைத் தாண்டிக்கிட்டிருந்தேன் அக்கா" என்றார் அவர். "அஞ்சாறு பசங்க வளைச்சுட்டானுங்க. முன்னால ஒரு வாளி, பின்னால ஒரு வாளி. நெஞ்சு, முதுகு, சட்டைப் பை எல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. பின்னல் என்னாச்சோன்னு பொட்டலத்தை அவிழ்த்தேன். ஒரு இழை கடிகார வார்ல மாட்டிக்கிச்சு. லேசாத்தான் இழுத்தேன். காலுறை பிரியுற மாதிரி சரசரன்னு வரிசை வரிசையா பிரிஞ்சு வந்துடுச்சு. மிச்சம் இதுதான்."

சொல்லி முடித்தவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினார். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டு, சட்டைப் பையையே சுற்றிச் சுற்றி வந்த ஒரு தேனீயைக் கையால் விரட்டினார்.

"சுத்தியிருந்த துணி?" என்றாள் கோஹார்.

"சிவப்புத் துணி. மாதுளம்பழம் போட்டது" என்றாள் ஸாபெல்.

"அது... தண்ணியோட போயிடுச்சு" என்றார் கராபெட்.

கோஹார் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, எனக்குக் கோபம் கண்ணை மறைச்சிடுச்சு" என்றாள் ஸாபெல். "நேரா சிரானுஷ் கடைக்கு ஓடினேன். 'ஏழு மாசம் செஞ்சது ஏழு நிமிஷம் தாங்கலையே, என்னடி குடுத்தே எனக்கு?'ன்னு கேட்டுட்டேன். அவ நூலை வாங்கிப் பாத்தா. முகம் அப்படியே வெளுத்துடுச்சு. என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, அந்தப் பார்வையை நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். 'நூலை நீயே வச்சுக்கோ. சனிக்கிழமைக்கு வேற ஞானத்தாயைப் பாத்துக்கோ'ன்னா. கடைத் துணியை இறக்கிட்டா."

மெலிக் காபியைச் சிந்திவிட்டான். ஞானத்தந்தையும் ஞானத்தாயும் மணமக்களுக்குச் சாட்சியாகப் பக்கத்தில் நிற்காமல் கல்யாணம் நடத்துவது, உப்பே போடாமல் ஊருக்கு விருந்து வைக்கிற மாதிரி. அதிலும் ஆறு நாளைக்கு முன்னால் ஞானத்தாய் கோபித்துக்கொண்டு போனாள் என்றால், பெண்வீட்டார் என்ன நினைப்பார்கள்?

"பின்னல் போனா போகட்டும் அக்கா" என்றாள் ஸாபெல். "ஆஷோத் பிறந்தப்ப அவனை முதல்ல கையில வாங்கினவ அவ. அவ இல்லாம நான் எப்படிப் பொண்ணு வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?"

காபியைக் குடித்துவிட்டுப் பணப்பையைத் திறந்தாள். "காசு எல்லாம் வேண்டாம்" என்றான் மெலிக். "இல்ல, வாங்கிக்கோ." "வேண்டாம்னா விடுங்க." "வாங்கிக்கப்பா!" மூன்றாவது முறை அவள் நாணயத்தைக் கோப்பைக்கு அடியில் செருகிவிட்டு எழுந்தாள். மெலிக் திருப்தியாக அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"இதுதான் மரியாதை" என்றான், அவர்கள் போன பிறகு. "காலையில நீங்க வர்றதுக்கு முன்னால ஒருத்தர் வந்தார், அக்கா. வெளிநாட்டுல, மார்செய்ல பிறந்து வளர்ந்த நம்ம ஆளு. ஆந்த்ரானிக்னு பேரு. சாமான் வாங்கியே சந்தையைக் காலி பண்ணிடுவார் போல. உப்பு வைக்கிற மண் பொம்மை மட்டும் நாலு! மூணு காபி குடிச்சார். நானும் முறைக்கு 'காசு வேண்டாம்'னு சொன்னேன். 'அப்படியா, ரொம்ப நன்றி'ன்னு காசை எடுத்து உள்ள வச்சுட்டார்! வேண்டாம்னு சொன்னா அது ஆரம்பம்தானே, முடிவா? அப்புறம் ஊர்லருந்து கொண்டுவந்ததாம், இதைக் குடுத்துட்டுப் போனார்."

வண்டியின் கைப்பிடியில் ஊதா நிறத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ காய்ந்த பூ. அதைச் சுற்றியும் இரண்டு தேனீக்கள் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

"மூணு காபிக்கு ஒரு பூ" என்றான் மெலிக் மனம் ஆறாமல்.

கோஹார் சிரித்தாள். ஸாபெல் விட்டுப்போன நூலில் ஒரு இழையை உருவி மடியில் போட்டாள். பிறகு, தான் செப்பனிட்டுக்கொண்டிருந்த கம்பளத்திலிருந்து ஒரு பழைய கம்பளி முடிச்சை அவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தாள். கம்பளி இழை சுருண்டு சுருண்டு, நெளிந்துகொண்டு கிடந்தது. வெள்ளை நூல் நேராகக் கிடந்தது.

"சிரானுஷ் மட்டமான நூல் வாங்கியிருக்கா" என்றான் மெலிக். "இல்லாட்டி அடுத்த வரிசையில மெஷின் பின்னல் விக்கிறவன் மாத்தி வச்சுட்டான். நான் வேணும்னா அவனை ரெண்டு தட்டு தட்டி..."

"நீ வண்டியைப் பூட்டு. சிரானுஷைப் பாத்துட்டு வருவோம்."

நாற்பது அடி தூரத்தில் இருந்த அந்தக் கடைக்குப் போவதற்குள் இருவர் மீதும் மூன்று வாளி விழுந்தது. சிரானுஷ் வீட்டுக்குப் போகவில்லை. இறக்கிவிட்ட கடைத் துணிக்குப் பின்னால், மடியில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஊசி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னை வேண்டாம்னா, நேரா மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், அக்கா" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவே மறுத்துவிட்டாள்.

"சரி விடு. எனக்குக் கோப்பைக்கு அடியில போடுற சின்னப் பின்னல் ஒண்ணு வேணும்" என்றாள் கோஹார்.

"எடுத்துக்கோங்க. காசு வேண்டாம்."

"இல்ல, வாங்கிக்கோ."

மனம் உடைந்திருந்த நேரத்திலும் சிரானுஷ் முறைப்படி இன்னும் ஒரு தடவை மறுத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மெலிக்கால் பொறுக்க முடியவில்லை. "பாத்தீங்களா, குற்ற உணர்ச்சி! அதான் பேச மாட்டேங்குறா."

"அது குற்றம் செஞ்ச மூஞ்சி இல்ல, மெலிக். அடி வாங்கின மூஞ்சி" என்றாள் கோஹார். "நீ போய் உன் மார்செய்க்காரரைக் கண்டுபிடி. அஞ்சு மணிக்கு நம்ம இடத்துல காபின்னு சொல்லு. வாங்கினதெல்லாம் கொண்டுவந்து காட்டச் சொல்லு. நாலரைக்கு ஸாபெல், கராபெட், சிரானுஷ் மூணு பேரும் இங்க இருக்கணும்."

"அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"காபி குடிக்க வர்றதுக்குச் சம்பந்தம் வேணுமா?"

நாலரை மணிக்கு ஸாபெல் ஒரு முக்காலியிலும் சிரானுஷ் எதிர் மூலையில் ஒரு முக்காலியிலும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கம்பளங்களைப் பார்த்தாள், இன்னொருத்தி வானத்தைப் பார்த்தாள். கராபெட் நடுவில் நின்று சிகரெட் பிடித்தார். மெலிக் நால்வருக்கும் காபி ஊற்றினான். யாரும் தொடவில்லை.

கோஹார் அந்தச் சின்னப் பின்னலையும் கத்தரிக்கோலையும் ஸாபெலிடம் நீட்டினாள். "இதை நடுவால வெட்டு."

"ஐயோ! இவ கையால செஞ்சது அக்கா. மனசு வராது."

கோபத்திலும் அவள் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு சிரானுஷ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"வெட்டு."

ஸாபெல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள்.

"இப்ப வெட்டின இடத்துல ஒரு இழையைப் பிடிச்சு இழு."

இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாதிப் பின்னல் பாதியாகவே இருந்தது. ஒரு கண்ணிகூட அவிழவில்லை.

"வராது" என்றாள் கோஹார். "குரோஷா பின்னல் ஒரே ஓட்டமா ஓடுற நூல். ஒரு நுனி கிடைச்சா கடைசி வரைக்கும் உருவிடலாம். இது அப்படி இல்ல. ஒவ்வொரு கண்ணியும் ஊசியால போட்ட தனித்தனி முடிச்சு. ஒரு இடத்துல அறுந்தா அந்த இடம் மட்டும்தான் அறுந்து போகும். அதோட, முடிச்சுல இருந்து அவிழ்ந்த இழை இந்தக் கம்பளி மாதிரி சுருண்டிருக்கும். நீ கொண்டுவந்த நூல் வாழ்க்கையில ஒரு முடிச்சைக்கூட பாத்ததில்ல. இன்னிக்குக் கடையில வாங்கின கண்டு நூல் அது."

ஸாபெல் வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரானுஷைப் பார்த்தாள். "இது உனக்குத் தெரியும்தானே? அப்பவே ஏன்டி சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?" என்று வெடித்தாள் சிரானுஷ். "நாப்பது வருஷமா என் பக்கத்துல உக்காந்து நான் பின்றதைப் பாத்தவ நீ. இது பிரியாதுன்னு உனக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நினைப்பேன்? கடைநூலைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறே! பொண்ணு வீட்டுல பெரிய இடத்து ஆளை ஞானத்தாயா கேட்டிருப்பாங்க, என்னைக் கழட்டிவிட நீ கதை கட்டுறேன்னுதான் நினைச்சேன்."

"அடிப்பாவி! நான் பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக்குடுக்குறவ. எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதே! உன் கையைப் பாத்தேனா நான்? உன் வாயைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ சொல்ற கதையை விட்டுட்டு எவ பின்னலைப் பாப்பா?"

சிரானுஷின் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அது இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குள் இருவருக்கும் ஒரே சமயத்தில் வேறொரு கேள்வி தோன்றிவிட்டது. இரண்டு தலைகளும் மெல்லக் கராபெட் பக்கம் திரும்பின.

"ரெண்டு வாளித் தண்ணி, பை எல்லாம் தொப்பல்னு சொன்னார்" என்றாள் கோஹார் அமைதியாக. "இந்த வெயிலுக்குச் சட்டை அரை மணியில காஞ்சிடும். தீப்பெட்டி காயாது. பையில இருந்த தீப்பெட்டியில முதல் குச்சியே பத்திக்கிச்சு. இன்னிக்கு இந்த ஊர்ல ஒரு சொட்டுத் தண்ணி படாத ஒரே மனுஷன் இவர். வர்தவார் அன்னிக்கு நனையாம இருக்கணும்னா தரைக்கு அடியிலதான் இருக்கணும், வெளியே வந்தா பொண்டாட்டி முதுகுக்குப் பின்னால இருக்கணும்."

கராபெட்டின் வாயிலிருந்த சிகரெட் தொங்கியது.

"அந்தப் பையையே ஒரு தேனீ சுத்திச்சு. மெலிக் வண்டியில தொங்குற பூவையும் தேனீ சுத்துது. கராபெட், உங்க பையில என்ன இருக்கு?"

அவர் மெதுவாக ஊதா நிறத் துணிப்பையை எடுத்தார். மெலிக் தன் வண்டியைப் பார்த்தான், அவர் கையைப் பார்த்தான், தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். "மார்செய்க்காரர்!"

"அவர் சும்மா பூ குடுக்க மாட்டார். ஏதாவது வாங்கிக்கிட்டாதான் குடுப்பார்" என்றாள் கோஹார். "அவருக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாதுன்னு மெலிக் காலையிலேயே சொல்லிட்டான். மிச்சத்தை நீங்களே சொல்லிடுங்க."

மெலிக்குக்கு நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. பாதி துலங்கியது தன்னால்தான் என்று இன்று அவளே ஒத்துக்கொண்டதாக அவன் எடுத்துக்கொண்டான்.

"பின்னல் நனையக் கூடாதுன்னுதான் போனேன், ஸாபெல். சத்தியமா!" என்றார் கராபெட். "மூலையில இருக்கிற நிலவறை மதுக்கடையில தண்ணி ஊத்துறது ஓயுறவரை உக்காந்தேன். அந்த மனுஷன் பக்கத்து மேசை. ஒரு கோப்பை ரெண்டாச்சு. பொட்டலத்துல என்னன்னு கேட்டார், பிரிச்சுக் காட்டினேன். 'இவ்வளவு அழகை என் ஆயுசுல பாத்ததில்லை'ன்னார். நான் என்ன செய்வேன்? நெஞ்சுல கைவச்சு 'உங்களுக்கே இருக்கட்டும்'னேன். அப்படித்தானே சொல்லணும்! அவர் வேண்டாம்னு சொல்வார், நான் வற்புறுத்துவேன், அவர் மறுபடி வேண்டாம்பார், அப்புறம் சிரிச்சுட்டுக் குடிப்போம். அவர் முதல் தடவையே வாங்கி மடியில வச்சுக்கிட்டார்! கண்ணுல தண்ணி வேற. என்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்குறார்!"

"திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?" என்றான் மெலிக்.

நான்கு பேரும் அவனைப் பார்த்தார்கள். விருந்தாளியிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? மெலிக் தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிளறினான்.

"அதோ வர்றார்" என்றாள் கோஹார். "தான் தப்பா எதையோ எடுத்துக்கிட்டோம்னு அவருக்குத் தெரியக் கூடாது. யாரும் வாயைத் திறக்காதீங்க."

ஆந்த்ரானிக் ஆறு பைகளோடு, நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம். மண் பொம்மைகளை வரிசையாக நிறுத்தினார். மரத்தட்டுகளைக் காட்டினார். கடைசியாக, மாதுளம்பழம் போட்ட சிவப்புத் துணியை அவிழ்த்தார். சிரானுஷின் ஏழு மாதம் அந்தி வெயிலில் விரிந்தது. ஸாபெல் அதை இப்போதுதான் உண்மையிலேயே பார்த்தாள் என்று மெலிக்குக்குத் தோன்றியது. சின்னச் சின்னதாய் ஆயிரம் முடிச்சு.

"இதை ஒரு நல்ல மனுஷர் எனக்குக் கொடுத்தார்" என்றார் ஆந்த்ரானிக். "அழகாயிருக்கிறது என்றேன், அவ்வளவுதான்! உடனே நெஞ்சில் கை வைத்து... அடடே, இதோ, இவரேதான்!" கராபெட்டை இழுத்து மறுபடி கட்டிக்கொண்டார். கராபெட்டின் மீசைக்கு மேலே கண்கள் இரண்டும் உதவி தேடி அலைந்தன.

கோஹார் ஊசியைக் கீழே வைத்தாள். பின்னலைக் குனிந்து பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

ஆந்த்ரானிக்கின் முகத்தில் யோசனை ஓடியது. பிறகு, பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்ட பிள்ளையைப் போல நெஞ்சை நிமிர்த்தி, அதன்மேல் கையை வைத்தார்.

"உங்களுக்கே இருக்கட்டும்!" என்றார் பெருமையாக.

"ரொம்ப நன்றி" என்று சொல்லி, கோஹார் முதல் தடவையே வாங்கிக்கொண்டாள். மெலிக்குக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதைக்குறைவைச் செய்ததே இல்லை.

பின்னல் கோஹார் கையிலிருந்து ஸாபெல் கைக்கும், ஸாபெல் கையிலிருந்து சிரானுஷ் மடிக்கும் போனது. "நீயே சனிக்கிழமை நம்ம மருமக நாஸெலியோட உடுப்புக் கழுத்துல வச்சுத் தை" என்றாள் ஸாபெல். "எனக்குத்தான் ஊசி பிடிக்க வராதே."

"தைக்கிறேன்" என்றாள் சிரானுஷ். "வேற யாரைடி தைக்க விடுவேன்?"

நெகிழ்ந்துபோன கராபெட், நாக்கைக் கட்டி வைத்திருக்கக் கூடாதா? "சனிக்கிழமை எங்க வீட்டுக் கல்யாணம், நீங்களும் அவசியம் வரணும்" என்றார் விருந்தாளியிடம்.

"கட்டாயம் வருகிறேன்" என்றார் ஆந்த்ரானிக். "என் மச்சினன் குடும்பமும் வந்திருக்கிறது. மொத்தம் ஒன்பது பேர்."

ஸாபெல் எழுந்தாள். சிரானுஷும் எழுந்தாள். மெலிக் பாத்திரம் கழுவ வைத்திருந்த இரண்டு வாளிகள் வண்டிக்கு அடியில் நிறைந்திருந்தன. ஆளுக்கொன்று தூக்கினார்கள். நாற்பது வருடப் பழக்கம், ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. முன்னால் ஒரு வாளி, பின்னால் ஒரு வாளி.

மீசையிலிருந்து தண்ணீர் ஒழுக, கராபெட் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினார். இன்னொன்றை உரசினார். மூன்றாவதையும் உரசிப் பார்த்துவிட்டு, பெட்டியைச் சுடுமணலில் காய வைக்கச் சொல்லி மெலிக்கிடம் கொடுத்தார்.